மானுக்குச் சோளம் கொட்டாதீர்கள், ஆடியில் விதையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த தை மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு படம் வந்திருந்தது. அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பின்கட்டு. முழங்கால் உயரத்துக்குப் பனி. அந்தப் பனியில் ஒரு பெரிய தாம்பாளம் நிறைய மக்காச்சோளம், பக்கத்தில் கேரட், கொஞ்சம் மிச்சச் சோறு. ஆறேழு மான்கள் தலையோடு தலை முட்ட நின்று தின்றுகொண்டிருந்தன. வாயில்லாத உயிர்களிடம் அவர்கள் காட்டும் அன்பைப் பாராட்டிக் கீழே நான்கு வரி எழுதியிருந்தீர்கள்.

அந்தக் குடும்பத்தின் மனசை நான் குறை சொல்லவில்லை. பசித்த உயிரைப் பார்த்தால் ஒரு பிடி போடத் தோன்றுவது நாம் வளர்ந்த விதம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010 ஜனவரியில் நானும் அதையேதான் செய்தேன். என் நிலத்தில் இரண்டு மான்கள் செத்தன. அன்றே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மானுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைப்பவர்கள் வேலையைத் தொடங்க வேண்டிய நேரம் இதுதான் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில் அயோவா கவுண்டி. அயோவா என்று தனி மாநிலமே உண்டு, இது அதுவல்ல. மேடிசன் நகருக்கு மேற்கே, பனியுகத்தில் பனிப்பாறைகள் வந்து தட்டையாக்காமல் விட்டுப்போன குன்றும் பள்ளமுமான பகுதி. மேட்டில் ஓக் மரக்காடு, பள்ளத்தில் மக்காச்சோளமும் சோயாவும். 2009-ல் நானும் என் கணவரும் ஒரு பழைய பால் பண்ணையிலிருந்து பிரித்து விற்ற 14 ஏக்கரை வாங்கினோம். நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. அப்பா மானாவாரி விவசாயி. மண்ணில் கால் வைக்காமல் இருபது வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு இந்த இடத்துக்கு வந்ததும், முதல் மழையில் வந்த மண் வாசனைக்கு நான் அழுதுவிட்டேன்.

அந்த முதல் குளிர்காலம் கடுமையாக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் மான்கள் வந்து காய்ந்த குச்சிகளைக் கடித்துக்கொண்டு நிற்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் வெள்ளைவால் மான்கள். இங்கே வேறு வகை கிடையாது. விலா எலும்பு தெரிகிறதே என்று மனசு தாங்காமல், கடையில் போய் 50 பவுண்டு மூட்டையில் மக்காச்சோளம் வாங்கி வந்து கொட்டினேன். ஒரு வாரத்தில் நான்கு மூட்டை. எல்லாம் வந்து தின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு காலையில் ஓடைக்கரையில் ஒரு பெட்டை மான் கிடந்தது. மூன்று நாள் கழித்து இன்னொன்று, போன வருடத்துக் குட்டி.

நாய் கடித்த தடமோ காயமோ எதுவும் இல்லை. பக்கத்துப் பண்ணைப் பெரியவரைக் கூப்பிட்டேன். நாற்பது வருடம் பால் மாடு வைத்திருந்தவர். குனிந்து பார்த்தார், கத்தியால் வயிற்றைத் திறந்தார். உள்ளே சோளம் அடைத்துக்கொண்டிருந்தது. புளித்துப்போன வாடை. "நீ போட்டதுதான்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. தானியக் களத்தை உடைத்துக்கொண்டு நுழைந்த மாடு எப்படிச் சாகுமோ அப்படித்தான் இது என்றார்.

அந்த நொடியில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வெளியே வைத்திருந்தார்கள். கட்டவிழ்ந்த ஒரு காளை அதைத் தின்றுவிட்டது. மறுநாள் வயிறு உப்பி, எழுந்திருக்க முடியாமல் படுத்து, அதற்கடுத்த நாள் செத்தது. "அசைபோடுற வயித்துக்குச் சோறு விஷம்மா" என்று அப்பா சொன்னது அப்படியே காதில் கேட்டது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. மானும் அசைபோடுகிற விலங்கு என்பதை யோசிக்காமல் போய்விட்டேன்.

தங்கள் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். மானின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தின்றதைச் செரிப்பது அவைதான். எந்தப் பருவத்தில் எதைத் தின்கிறதோ அதற்கேற்ப அந்த நுண்ணுயிர்க் கூட்டமும் மாறும். குளிர்காலத்தில் குச்சியையும் மரப்பட்டையையும் மொட்டையும் செரிப்பதற்கு அது தயாராகியிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று மாவுச்சத்து நிறைந்த சோளம் வந்து விழுந்தால், வேறு வகை நுண்ணுயிர்கள் ஒரேயடியாகப் பெருகி அமிலத்தைக் கொட்டுகின்றன. வயிற்றுச் சுவர் வெந்துபோகிறது, உடம்பின் நீர் வற்றுகிறது, இரண்டு மூன்று நாளில் உயிர் போகிறது. வயிறு பழக வாரக்கணக்கில் ஆகும். நாம் ஒரே நாளில் தாம்பாளத்தை வைக்கிறோம். வயிறு நிறைந்த மான்தான் சாகிறது. சோறும் ரொட்டியும் இதே வேலையைத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்து டேன் கவுண்டியில், மவுண்ட் ஹோரெப் என்ற ஊரருகே 2001 நவம்பரில் வேட்டையாடிய மூன்று மான்களுக்கு ஒரு நோய் இருப்பது 2002 பிப்ரவரியில் தெரியவந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அந்த நோயைக் கண்டது அதுதான் முதல் தடவை. சி.டபிள்யூ.டி. (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ், உடம்பு மெலிந்து சாகும் நோய்) என்பார்கள். மாடுகளுக்கு வந்த மேட் கவ் நோயின் உறவு. பிரியான் என்ற கெட்டுத் திரிந்த புரதம் மூளையைச் சல்லடையாக்கும். மான் மெலிந்து, எச்சில் ஒழுகி, தலை தொங்கிச் சாகும். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் அது வெளியே வருகிறது, மண்ணில் வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது.

எச்சில் என்றால் என்னவென்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் கடித்ததை அடுத்தவருக்குக் கொடுக்காமல் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி ஏழு மான்களை நிறுத்தி, ஒன்றின் வாய் பட்டதை இன்னொன்று தின்ன வைக்கிறோம். அதனால்தான் எங்கள் பகுதியில் மானுக்குத் தீனி கொட்டுவதையே சட்டம் தடை செய்திருக்கிறது. நான் சோளம் வாங்கிக் கொட்டிய அன்றும் அந்தத் தடை இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆனால் நிலத்தில் விதைத்து முளைத்து நிற்கும் பயிருக்குத் தடை இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தேன்.

இப்படி மானுக்கென்றே பயிர் விதைக்கும் நிலத்துக்கு இங்கே ஃபுட் பிளாட் என்று பெயர். எங்கள் வீட்டில் மான்கொல்லை என்போம். மான்கொல்லையிலும் மான்கள் கூடத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஏக்கரில் அங்கொரு வாய் இங்கொரு வாய் என்று நகர்ந்து மேய்வதும், ஒரே குவியலில் முகத்தைப் புதைப்பதும் ஒன்றாகாது. அதனால் நான் ஒரே சதுரமாகப் போடாமல், காட்டோரமாக நீளமாக, வளைந்து போகும் மூன்று பட்டைகளாகப் பிரித்திருக்கிறேன்.

இலையுதிர்காலத்துக்கு ஏன் விதைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கும், மான்கள் அதில் கொழுக்கும். அதே சமயம் பள்ளத்து வயல்களில் சோயாவையும் சோளத்தையும் பெரிய எந்திரங்கள் சில வாரங்களில் வழித்து எடுத்துவிடும். நவம்பரில் இணை சேரும் காலம். கிடாக்கள் தீனியை மறந்து ஓடி ஓடி உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இழந்துவிடும். அதற்குப் பின்னால்தான் பனி. வயல் வெறுமையாகி, கொட்டையும் தீர்ந்து, பனி மூடுகிற அந்த இடைவெளியில் மண்ணில் வேரோடு பச்சையாக ஏதாவது நின்றால், வயிறு மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும். செப்டம்பரிலிருந்தே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பழகிய மானுக்கு ஜனவரியில் அதிர்ச்சி இல்லை.

2010 கோடையில் பெரியவர்தான் கூட நின்று கற்றுக்கொடுத்தார். முதலில் மண் பரிசோதனை. பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழம் தோண்டி, ஒரு வாளியில் கலந்து, ஒரு கை மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பி.எச். 5.4 என்று வந்தது. புளித்த மண், அதாவது அமிலம் மிகுந்தது. இதில் உரம் போட்டாலும் பயிருக்குச் சரியாகச் சேராது என்றார். ஆறரைக்குப் பக்கத்தில் கொண்டுவர ஏக்கருக்கு மூன்று டன் சுண்ணாம்புத் தூள் போடச் சொல்லியிருந்தது. நான் அவசரக்காரி, அந்த வருடம் கடைசி நேரத்தில் பாதி மட்டும் போட்டுவிட்டு விதைத்தேன். செடி வந்தது, ஆனால் சாண் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. சுண்ணாம்பு மண்ணோடு சேர்ந்து வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகும். போட வேண்டியதை முந்தின வருடமே போட வேண்டும். இப்போது யார் என்னைக் கேட்டாலும் விதைப் பையை வாங்காதே, முதலில் மண்ணை அனுப்பு என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நாம் சொல்வோம். எங்கள் கரிசலில் விதைப்பு புரட்டாசியில்தான், வடகிழக்குப் பருவமழையை நம்பி. ஆடிப்பட்டம் எனக்குப் பழமொழியாக மட்டும்தான் தெரியும். அதைக் கையால் செய்தது இங்கே வந்த பிறகு. டர்னிப், முள்ளங்கி, ரேப் போன்ற கடுகுக் குடும்பத்துப் பயிர்களை எங்கள் பகுதியில் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை விதைக்க வேண்டும். ஆடியும் அதேதான். உறைபனி விழுவதற்கு முன் அவற்றுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வளர்ச்சி வேண்டும். ரை, ஓட்ஸ் என்ற தானியப் பயிர்களை ஆவணியில், அதாவது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை. முந்தினால் முற்றிக் கட்டையாகிவிடும், மான் தொடாது. இளசாக நான்கைந்து இலையில் குளிருக்குள் போக வேண்டும்.

டர்னிப் விதை கடுகைப் போலத்தான் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு கிலோ தாராளம். இதைக் கையால் சீராக வீசுவது கடினம். பெரியவர் கழுத்தில் மாட்டிச் சுழற்றும் ஒரு கருவியைக் கொடுத்தார், எனக்கு வரவில்லை. ஒரு பக்கம் கொத்தாக, ஒரு பக்கம் வெறுமையாக விழுந்தது. அம்மா எள் விதைக்கும்போது ஆற்று மணலைக் கலந்து வீசுவாள். அதே மாதிரி ஒரு வாளி மணலில் விதையைக் கலந்து, கிழக்கு மேற்காக ஒரு தடவை, வடக்குத் தெற்காக ஒரு தடவை வீசினேன். முளைத்து வந்தபோது பெரியவர் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து அவரும் மணல் கலக்கிறார்.

விதையை ஆழத்தில் மூடக் கூடாது, கால் அங்குலத்துக்கு மேல் மண் ஏறினால் பாதி மேலே வராது. மேலாக வீசி, உருளையை ஓட்டி அழுத்தினால் போதும். உருளை இல்லாதவர்கள் மழை வருவதற்கு முந்தின நாள் வீசலாம். அப்பா முள்ளுக் கிளையைக் கட்டிக் காளையை ஓட்டுவார். நான் பழைய கம்பி வலையை வண்டியில் கட்டி இழுக்கிறேன். ரை அப்படியல்ல, பெரிய விதை. ஏக்கருக்கு ஐம்பது கிலோ வரை போகும், எந்த மண்ணிலும் கோபிக்காமல் வரும். முதல் தடவை செய்பவர்களுக்கு என் சிபாரிசு ரைதான். அதோடு கொஞ்சம் க்ளோவர், பயறுக் குடும்பத்துத் தீவனச் செடி. க்ளோவர் விதைக்கு வேர் முடிச்சு நுண்ணுயிர் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஊரில் உளுந்துக்கு ரைசோபியம் கலக்குகிறோமே, அதே சங்கதிதான்.

டர்னிப்பில் ஒரு ஆச்சரியம் உண்டு. செப்டம்பர் முழுக்க இலை தொடை உயரத்துக்குத் தழைத்து நிற்கும், பல வருடம் மான்கள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. கசப்பு. இரண்டு மூன்று உறைபனி விழுந்ததும் இலைக்குள் சர்க்கரை ஏறிவிடும். ஒரு வாரத்தில் இலை போகும். டிசம்பர், ஜனவரியில் பனியைக் குளம்பால் தோண்டிக் கிழங்கைக் கடிக்கும். ஊதா நிறத் தோலில் பல் தடத்தோடு பாதிக் கிழங்குகள் பனியில் கிடப்பதை முதன்முதலில் பார்த்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருடம் ஓடைக்கரையில் எதுவும் செத்துக் கிடக்கவில்லை.

ஓட்ஸ் கடுங்குளிரில் செத்துவிடும். ரை சாகாது. பனிக்கு அடியில் பச்சையாகவே படுத்திருந்து, மார்ச் கடைசியில் பனி விலகியதும் காட்டில் வேறு ஒரு தளிரும் இல்லாத நேரத்தில் முதலில் எழும். சினை மான்களுக்கு அந்த இரண்டு வாரம் பெரிய ஆதரவு. மே கடைசியில் குட்டி போடும்.

ஒரே இடத்தில் வருடா வருடம் டர்னிப் போடாதீர்கள். வேர் வீங்கி அழுகும் நோய் மண்ணில் தங்கிவிடும். நான் இரண்டு வருடத்துக்கு மேல் விடுவதில்லை, பட்டைகளை மாற்றிக்கொண்டே இருப்பேன். அப்புறம் ஒரு கம்பிக் கூண்டு. நான்கடி உயரக் கம்பி வலையை வட்டமாகக் கட்டிப் பயிருக்கு நடுவில் வையுங்கள். கூண்டுக்குள் இடுப்பளவும் வெளியே தரைமட்டமும் இருந்தால் மான் அதிகம், நிலம் போதவில்லை என்று பொருள். என்னுடைய கூண்டு பல வருடங்களாக அதைத்தான் சொல்கிறது.

அதனால் அடுத்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். தெற்கு விஸ்கான்சினில் மான் பஞ்சத்தில் இல்லை, மிகுதியில் இருக்கிறது. ஓநாயும் பூமா என்ற பெரிய காட்டுப் பூனையும் இங்கே முன்போல் இல்லை. ஓக் கன்று ஒன்று முழங்காலைத் தாண்டி வளர மான்கள் விடுவதில்லை. விதைப்பவர் மான்களின் எண்ணிக்கைக்கும் பொறுப்பேற்க வேண்டும். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை, துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. ஆனால் நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் பருவத்தில், என் மகனும் பெரியவரின் பேரனும் என் நிலத்தில் வேட்டையாட அனுமதிக்கிறேன். உரிமம் வாங்கி, தூரத்திலேயே தெரியும் ஆரஞ்சுச் சட்டை போட்டு, முக்கியமாகப் பெட்டை மான்களையே எடுக்கிறார்கள். கிடாக்களை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது.

முதல் வருடம் அந்தச் சத்தம் கேட்டபோது கதவை மூடிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் சாலையில் காரில் அடிபட்டு இரவெல்லாம் துடித்த மானையும் பார்த்திருக்கிறேன், பசியில் மரப்பட்டையைக் கடித்த குட்டியையும் பார்த்திருக்கிறேன். யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். ஒவ்வொரு மானின் கழுத்து நிணநீர்க் கணுவும் பரிசோதனைக்குப் போகிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. முடிவு வரும் வரை இறைச்சியை யாரும் தொடுவதில்லை. 2019-ல் என் நடுப்பட்டையில் எடுத்த ஒரு கிடா பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. நோய் இருப்பதாக முடிவு வந்தது. மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. முழுவதையும் அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டோம். நோய் இல்லாதவற்றில் ஒன்றிரண்டு ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த மாநிலத்தில் அப்படி ஒரு தானத் திட்டம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாரும் புள்ளிமானுக்கு விதைக்கக் கிளம்ப வேண்டாம். அங்கே சட்டம் வேறு, காடு வேறு, வேட்டையே குற்றம். மலைச் சாலையில் வண்டியை நிறுத்தி பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டாமல் இருந்தாலே போதும், அசைபோடுகிற வயிறு அங்கேயும் அதேதான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் தங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வீடியோ அழைப்பில் பனியில் மான் வந்திருக்கிறது, சோளம் வைத்திருக்கிறோம் என்று காட்டினால், பேரப்பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிலம் இருந்தால் இந்த ஆடியில் விதைக்கட்டும். சின்ன வீட்டு மனைதான் என்றால் ஒரு ஓக் கன்றை நட்டுச் சுற்றிக் கம்பி வலை போடட்டும், இல்லையென்றால் சும்மா ஜன்னலில் நின்று பார்க்கட்டும். தங்கள் இணைப்பில் அந்தப் படம் வந்த அதே பக்கத்தில் இந்தக் கடிதமும் வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இந்த வருடம் கிழக்குப் பட்டையில் ரை மட்டும்தான். மண் முடிவு நேற்று வந்தது, பி.எச். 6.6. பெரியவருக்கு இப்போது 84 வயது, முட்டி வலியில் வரப்பு ஏற முடியவில்லை. வண்டியில் உட்கார்ந்து பார்க்கிறேன், நீ வீசு என்று சொல்லியிருக்கிறார். மணல் சலித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயோவா கவுண்டி, விஸ்கான்சின்